கூபா கலை

மத்திய ஆப்பிரிக்காவில், இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசின் கசாய் பகுதியில் வாழும் கூபா மக்களின் மரச்சிற்பம், முகமூடி, நெசவு, அன்றாடப் புழங்குபொருள்கள் ஆகியவை கூபா கலை எனப்படும். பல இனக்குழுக்கள் சேர்ந்த கூபா அரசில் 'நியிம்' எனப்படும் அரசர் புஷூங் குழுவைச் சேர்ந்தவர். 17ஆம் நூற்றாண்டில் ஆண்ட ஷியாம் அம்புல் அங்கூங் பல கைத்தொழில்களைக் கொண்டுவந்தார் என்பது அவர்களின் மரபுவழிச் செய்தி.

அரசர்களின் மரச்சிலைகள் 'என்டோப்' எனப்படும். சம்மணமிட்டு அமர்ந்த உருவங்கள் இவை; பெரும்பாலானவை அரை மீட்டர் உயரமே. முகங்களில் தனிச்சாயல் கிடையாது. எந்த அரசர் என்பதை முன்னால் செதுக்கிய சின்னமே சொல்லும். ஷியாமின் சின்னம் பல்லாங்குழி போன்ற ஆட்டப்பலகை.

சடங்குகளில் ஆடும் முகமூடிகளில் மூன்று முதன்மையானவை: அரசதிகாரத்தைக் குறிக்கும் மொஷம்ப்வூய், பெண்ணுருவான ன்காடி, புடைத்த நெற்றியுடைய ப்வூம். ன்காடியின் கன்னங்களில் இறங்கும் கோடுகள் கண்ணீரைக் குறிப்பவை. சோழியும் பாசிமணியும் இவற்றை அலங்கரிக்கின்றன.

ஆனால் கூபாக்களின் கைத்திறன் உச்சம் தொடுவது ராஃபியா துணியில்தான். ராஃபியா பனையின் இளம் ஓலையைக் கிழித்து நாராக்கி ஆண்கள் தறியில் நெய்வார்கள். துண்டின் நீளத்தை ஓலையின் நீளமே தீர்மானிக்கும். பூவேலை பெண்களுடையது. நாரைப் பாவுக்கும் ஊடைக்கும் அடியில் ஊசியால் நுழைத்து, முடிச்சிடாமல் மேலே இழுத்து, சிறு கத்தியால் ஒட்ட நறுக்குவார்கள். நெசவின் இறுக்கமே அதைப் பிடித்துக்கொள்ள, துணி வெல்வெட் போலாகிவிடும். முன்கூட்டி வரைந்துகொள்வதில்லை, கோலம் மனதில் இருக்கும், பாதியில் திசை மாறவும் செய்யும். ஒரு துண்டு முடியப் பல மாதங்கள் ஆகலாம். இறந்தவருக்கு இவற்றை உடுத்தி அடக்கம் செய்வார்கள்.

இதே கோலங்கள் கள் குடிக்கும் கிண்ணம், துக்கூலா என்னும் செந்நிற மரத்தூள் வைக்கும் மூடிப்பெட்டி, முரசு எனக் கைபடும் பொருள்களிலெல்லாம் பரவியிருக்கின்றன. மனிதத் தலை வடிவில் குடைந்த கிண்ணம் உடையவரின் அந்தஸ்தைக் காட்டும். சடங்குப்பொருள், வீட்டுப்பொருள் என்று இவற்றைக் கறாராகப் பிரிப்பது பொருந்தாது.

1892இல் கூபா தலைநகரை அடைந்த அமெரிக்க மறைப்பணியாளர் வில்லியம் ஷெப்பர்ட் திரட்டியவை ஹாம்ப்டன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்திலும், 1907–1909 பயணத்தில் இனவரைவியலாளர் எமில் டோர்டே திரட்டிய என்டோப் சிலைகள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் உள்ளன. ஓவியர் மத்தீஸ் தம் பணிக்கூடச் சுவரில் கூபா துணிகளை மாட்டியிருந்தார். அரசர் சிலைகளுக்குக் கிடைத்த புகழ் பெரிது. ஆயினும் கூபா கலையை அறிய விரும்புவோர் பெண்களின் இந்தத் துணிகளிலிருந்தே தொடங்க வேண்டும்.