புதுப்பொறியும் அதனைக் கொள்வாரும்
தட்டெழுத்துப் பொறியின் வரலாறு உணர்த்துவன

புதியதொன்றை ஆக்கும் அறிவும், அதனைப் பிறர் விரும்பி ஏற்குமாறு எடுத்துரைக்கும் ஆற்றலும் ஒருவரிடத்தே ஒருங்கமைதல் அரிது. வரலாற்றிற் பெயர்பெற்ற பொறிகள் பலவற்றின் பின்னே இருவர் நிற்கக் காணலாம். ஒருவர் பொறியை ஆக்கியவர். மற்றவர் அதன் பயனைக் கொள்வார்க்கு விளங்கும் மொழியில் உரைத்தவர். முன்னவரின் பெயரே நூல்களிற் பெரிதும் இடம்பெறுகின்றது. எனினும் பின்னவர் இல்லாதவிடத்து, முன்னவரின் உழைப்பு அவர்தம் பட்டறையுடனேயே முடிந்திருக்கும்.

அமிர்தகழியில் மாமாங்கேசுவரர் ஆலயத்தின் ஆடியமாவாசைத் தீர்த்தத்திற்குத் திரளும் மக்களிடையே கடை விரிக்கும் வணிகன், தன் பொருளின் அமைப்பை விரித்துரைப்பதில்லை. காய் நறுக்குங் கருவியாயின் நறுக்கிக் காட்டுகின்றான்; விளையாட்டுப் பொருளாயின் ஆட்டிக் காட்டுகின்றான். கண்டவர் வாங்குகின்றனர். செய்து முடிந்த சிறுபொருளுக்கு இம்முறை போதும். ஆயின், இன்னும் ஆலையில் உருப்பெறாத ஓர் எண்ணத்தை, பெரும்பொருள் செலவிட்டு அதனை ஆக்கவேண்டிய ஒருவரிடம் விற்பது எங்ஙனம்? இவ்வினாவிற்கு விடை காண மூன்று வரலாறுகள் துணைபுரியும்.

நிலக்கரியின் கணக்கு

சேமிசு வாட் நீராவிப் பொறிக்கு வேறான குளிர்கலம் ஒன்றை அமைத்து 1769ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அவர் நுண்ணறிவினர், ஆயினும் பேரம் பேசுதலை வெறுத்தவர். பேர்மிங்காம் நகருக்கணித்தாய சோகோ என்னுமிடத்தில் ஆலை நடத்திய மத்தியூ போல்றன் அவருடன் கூட்டுச் சேர்ந்தார். 1775இல் பிரித்தானியப் பாராளுமன்றம் அக்காப்புரிமையை 1800ஆம் ஆண்டுவரை நீட்டித்தது.

கோண்வால் நாட்டுச் சுரங்க முதலாளிகள் சுரங்கத்தில் ஊறும் நீரை இறைக்க நியூகொமனின் பழைய பொறியையே நம்பியிருந்தனர். அந்நாட்டில் நிலக்கரி இல்லை. கடல்வழியாக வெளியிலிருந்து வருவிக்கவேண்டியிருந்தது. எனவே அவர்களின் பெருந்துயரம் கரிச்செலவே. போல்றனும் வாட்டும் அவர்களிடம் வெப்பத்தின் இயல்பைப் பற்றி விரிவுரை நிகழ்த்தவில்லை. பழைய பொறி எரிக்கும் கரிக்கும் புதிய பொறி எரிக்கும் கரிக்கும் உள்ள வேறுபாட்டைக் கணித்து, அதனால் எஞ்சும் பணத்தில் மூன்றிலொரு பங்கைத் தமக்குத் தந்தாற் போதும் என்றனர். பொறியின் வீச்சுக்களை எண்ணுதற்குப் பூட்டிய எண்கருவியொன்றும் இணைக்கப்பட்டது. இதனால் ஐயம் தீர்ந்தது. இலாபம் கிடைத்தாலன்றிக் கட்டணம் இல்லை என்பதே மிக வலிய சான்றாயிற்று. பிற்காலத்தில் அம்முதலாளிகள் அக்கட்டணத்தைச் சுமையெனக் கருதிப் பூசலிட்டனர் என்பதும் உண்மையே. பயன் பழகிப்போனபின் அதற்கான விலை கசப்பது மனித இயல்பு.

காணாமலே பங்கு கொண்டவர்

தட்டெழுத்துப் பொறியின் வரலாறு இதனினும் நுட்பமானது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரிற் பத்திரிகைத் தொழிலில் ஈடுபட்டிருந்த கிறித்தோபர் இலதம் சோல்சு என்பார், கிளிடன், சூல் என்னும் நண்பர் இருவருடன் சேர்ந்து 1867இல் எழுதும் பொறியொன்றை அமைத்தார். 1868ஆம் ஆண்டு சூன் 23ஆம் நாள் காப்புரிமை கிடைத்தது. பணமோ இல்லை. அந்நிலையில் சோல்சு தம் பழைய பத்திரிகைத் தோழரான சேமிசு டென்சுமோர் என்பாருக்குக் கடிதம் விடுத்தார். அக்கடிதம் கையால் எழுதப்பட்டதன்று, அப்பொறியினாலேயே அச்சிடப்பட்டது. பொறியைக் கண்ணாற் காணாமலே டென்சுமோர் அதுவரையான செலவாகிய 600 டொலரைக் கொடுத்து நாலிலொரு பங்கைப் பெற்றார். கடிதத்தின் பொருளினும் அதன் எழுத்துருவே அவரை ஈர்த்தது. ஒரு புத்தாக்கத்திற்கு அதன் விளைபொருளே முதற்றூது என்பதற்கு இதனிற் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

பின்னர்ப் பொறியை நேரிற் கண்ட டென்சுமோர் அதன் குறைகளையும் கண்டார். உடனே விற்கப் புறப்படாமல், சொல்லெழுத்தர்களிடமும் சுருக்கெழுத்தாளர்களிடமும் ஆய்வுக்காக அனுப்பினார். அவர்களுள் வாசிங்டன் நகரத்துச் சேமிசு கிளெபேன் என்பவர் பொறிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதாகும்வரை இயக்கி, இரக்கமின்றிக் குறை எழுதினார். சோல்சு மனம் நொந்தார். டென்சுமோரோ ஆலைக்குச் செல்லுமுன் வெளிப்படும் குறை ஆலையிலிருந்து வந்தபின் வெளிப்படும் குறையினும் மலிவானது எனக் கண்டு, மாதிரிகளை மேன்மேலும் திருத்துவித்தார்.

1873ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டென்சுமோர் நியூயோர்க் மாநிலத்து இலியன் என்னும் ஊரிலிருந்த றெமிங்டன் நிறுவனத்தை நாடினார். தாம் முரட்டுப் பேச்சினர் என்பதை உணர்ந்திருந்தமையால், நாவன்மை மிக்க யோசுட் என்னும் நண்பரை உடன் அழைத்துச் சென்றார். அவர்கள் தெரிந்தெடுத்த நிறுவனமும் கருதற்பாலது. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தபின் துப்பாக்கிகளுக்கு வேண்டுகை குறைய, றெமிங்டன் நிறுவனத்தார் தையற் பொறி செய்யத் தொடங்கியிருந்தனர். நுண்ணிய இரும்புறுப்புக்களை ஆக்கும் இயந்திரங்களும் தொழில் வல்லாரும் அங்கே வேலைக்குக் காத்திருந்தனர். அவர்களுக்கு வேண்டியது புதியதொரு பண்டம். டென்சுமோரிடம் இருந்ததும் அதுவே. மார்ச்சு முதல் நாள் உடன்படிக்கை நிறைவேறியது. 1874இல் 125 டொலர் விலையில் விற்பனைக்கு வந்த அப்பொறி, தையற் பொறியின் சாயலையே கொண்டிருந்தது. பூவேலை பொறித்த உடலும், ஏட்டை நகர்த்தும் மிதியும் அதற்கு இருந்தன.

ஆயினும் விற்பனை மந்தமாகவே நடந்தது. பேரெழுத்து மட்டுமே பதிந்தது; பதியும் வரி எழுதுவோன் கண்ணுக்குத் தெரியவில்லை. 1878இல் வந்த இரண்டாம் பொறியில் சிற்றெழுத்தும் சேர்ந்தது. இவற்றினும் பெருங்குறை ஒன்று இருந்தது. பொறியை வாங்கியவர்க்கு அதனை இயக்குவார் கிடைக்கவில்லை. 1881இல் நியூயோர்க்கிலே மகளிர்க்கான தட்டெழுத்து வகுப்புத் தொடங்கியது. 1882இல் விற்பனைப் பொறுப்பை ஏற்ற வேறொரு நிறுவனம் ஊக்கமுடன் உழைத்தது. அதன் பின்னரே அலுவலகங்களின் கதவு திறந்தது. பொறியுடன் அதனைப் பயன்படுத்தும் மாந்தரையும் ஆக்குதல் வேண்டும் என்னும் பாடத்தை அவ்வாண்டுகள் கற்பித்தன.

தமிழுக்கு வந்த பொறி

யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886இற் பிறந்த ஆர். முத்தையா, 1907இற் சிங்கப்பூருக்குச் சென்று அங்கு வணிக நிறுவனத்தில் எழுத்தர் பணி ஆற்றியவர். அலுவலகத்தில் ஆங்கிலப் பொறியின் விரைவை நாள்தோறும் கண்ட அவர், தமிழுக்கும் அத்தகையதொன்று வேண்டுமென எண்ணினார்.

இடர்ப்பாடு வெளிப்படை. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆகத் தமிழெழுத்து 247. பொறியிலுள்ள விசைகளோ ஐம்பதிற்கும் குறைவு. விசையொன்றிற்கு எழுத்து இரண்டு. எழுத்துக்கள் அனைத்திற்கும் தனியிடம் தேடின் பொறி அமையாது. முத்தையா எழுத்துக்களை அவற்றின் உறுப்புக்களாகப் பகுத்து நோக்கினார். கொம்பு, கால் முதலிய குறிகள் தனித்து நின்று பல எழுத்துக்களுக்குப் பொதுவாவன. புள்ளியோ எழுத்தின் தலைமீது அமரவேண்டும். அதற்கென நகரா விசை பயன்பட்டது. அவ்விசையை அழுத்தும்போது ஏடு நகர்வதில்லை. ஆதலின் அடுத்து வரும் எழுத்து அதே இடத்திற் பதிந்து புள்ளியுடன் ஒன்றாகின்றது. இவ்வாறு பெருந்தொகையான எழுத்துக்கள் சிறுதொகையான விசைகளுள் அடங்கின.

இனி, இதனை ஆக்குவார் யார்? யேர்மனியின் திறெசுடன் நகரத்துச் சைடல் நௌமான் நிறுவனம் முத்தையாவின் அமைப்பைக் கொண்டு தமிழ்ப்பொறிகளை ஆக்கியது. அந்நிறுவனமும் றெமிங்டனைப் போன்றே தையற் பொறி செய்து வளர்ந்ததென்பது வியத்தற்குரிய ஒற்றுமை. அதன் சிறிய பொறி எரிக்கா என்னும் பெயராலும், பிறநாட்டுச் சந்தைகளிற் பிசோ என்னும் பெயராலும் வழங்கியது. தமிழ் பிசோ அதன் வழிவந்ததே. பொறியின் உடல் ஆலையில் ஏற்கெனவே வார்க்கப்படுவது. மாறவேண்டியவை எழுத்துருக்களும் விசையமைப்புமே. ஓர் ஐரோப்பிய ஆலைத் தலைவர் தமிழைக் கற்கவேண்டியதில்லை. தம் பொறியில் எவ்வளவு மாற்றினாற் போதும் என்பதும், அதனை வாங்குவார் எங்குள்ளார் என்பதும் அவருக்கு விளங்கினாற் போதும். முத்தையாவின் விசைப்பலகை இவ்விரு வினாக்களுள் முதலாவதற்குத் தெளிவான விடையாக அமைந்தது.

இரண்டாவது வினாவிற்கான விடை தனியொருவர் கையில் இருக்கவில்லை. அலுவலகத்தில் இடம்பெறாத மொழிக்கு அலுவலகப் பொறியை யார் வாங்குவர்? தமிழகத்தில் 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் தமிழைச் செயலகத்தினுள் அழைத்தது. தட்டெழுத்தாளர் பணிகளும் பயிற்சிக் கூடங்களும் பெருகின. அதே ஆண்டில் இலங்கையிற் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழியாயிற்று. 1958ஆம் ஆண்டுத் தமிழ்மொழிச் சிறப்பேற்பாட்டுச் சட்டம் சில வாய்ப்புக்களை ஏட்டளவில் அளித்தது. 1987ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தத்தின் பின்னரே தமிழும் ஆட்சிமொழியென ஏற்கப்பட்டது. ஈழத்தவர் ஒருவரின் அறிவிற் பிறந்த அமைப்புக்கு அவர் பிறந்த நாட்டின் அரச அலுவலகங்களில் நேர்ந்த நிலை இது. ஒரு கருவியின் சந்தை அம்மொழியின் உரிமையோடு பிணைந்துள்ளது என்பதை இதனினும் தெளிவாக உணர்த்துவது வேறில்லை.

மட்டக்களப்பு அளித்த சான்று

மட்டக்களப்புத் தமிழகம் ஈன்ற விபுலாநந்த அடிகளின் செயலும் இவ்விடத்து நினையத்தக்கது. வழக்கொழிந்த பழந்தமிழ் யாழின் இயல்பை நூலாராய்ச்சியாலும் கணிதத்தாலும் பல்லாண்டு ஆராய்ந்து அடிகள் எழுதிய யாழ்நூல், 1947 சூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. நூல் மட்டும் படிக்கப்பட்டிருப்பின் புலவர் சிலரே உணர்ந்திருப்பர். நூலின்வழி அமைக்கப்பட்ட யாழ்களும் அவைமுன் கொணரப்பட்டன. அவற்றின் நரம்புகள் மீட்டப்பட்டன. அடிகள் விற்பனையை நாடியவரல்லர். எனினும் கேட்டோர் செவியே நடுவராகுமாறு தம் முடிவை முன்வைத்த முறை, டென்சுமோருக்குக் கிடைத்த கடிதத்தின் முறையோடு ஒப்பது.

தொகுத்து நோக்கின்

இவ்வரலாறுகள் உணர்த்துவன சில. கொள்வாரின் துயரத்திலிருந்து பேச்சுத் தொடங்குதல் வேண்டும். ஆக்கியோனின் பெருமையிலிருந்து அன்று. விளைவைக் கண்முன் காட்டுதல் வேண்டும். குறைகளைப் பிறர் காணுமுன் நட்புடைய கடுமையாளரிடம் ஒப்படைத்து அறிதல் வேண்டும். எண்ணத்தை ஏற்கும் வசதியும் தேவையும் ஒருங்குடைய இடத்தைத் தெரிதல் வேண்டும். பேசும் திறன் தம்மிடம் இல்லையாயின், அதனை உடையாரைத் துணைக்கொள்ளுதல் இழிவன்று.

உரிமையைக் காத்தலும் மறத்தற்பாலதன்று. சோல்சு தம் பங்கை ஒரு தொகைக்கு விற்று விலகினார். டென்சுமோரோ பொறிதோறும் பங்கு பெறுவதையே விரும்பினார். பொறி உலகெங்கும் பரவியபோது செல்வம் எவர்பாற் சென்றதென்பது சொல்லாமலே விளங்கும். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் காப்புரிமையை விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு அளிக்கின்றது. புதுமையுடையதே உரிமைக்கு உரியதாதலின், எண்ணத்தைப் பலர் முன்னிலையில் வெளியிடுமுன் விண்ணப்பித்தலே பாதுகாப்பு.

மருதமுனைத் தறிக்கோ, வாவி மீனவரின் வலைக்கோ, வயலின் அறுவடைக்கோ புதியதோர் உதவியை எண்ணும் இளைஞர் இன்றும் உளர். அவர்தம் பட்டறையில் எண்ணம் உருப்பெறும் நாளிலேயே, அது யார் சுமையை எவ்வளவு குறைக்கும் என்னும் கணக்கும் எழுதப்படுமாயின், சுண்டிக்குளியிற் பிறந்த எழுத்தர் ஒருவருக்குத் திறெசுடன் ஆலையின் கதவு திறந்ததுபோல அவர்க்கும் கதவுகள் திறக்கும்.