பழைய சினிமாப் பொருள்: அசலையும் போலியையும் பிரித்தறிவது எப்படி?

எம்.ஜி.ஆர். அணிந்த தொப்பி, சிவாஜி பிடித்த வாள், அறுபதுகளின் பாட்டுப் புத்தகம், படமாளிகைச் சுவரொட்டி என்று பழைய சினிமாப் பொருட்கள் இப்போது முகநூல் வழியாகவும் கைமாறுகின்றன. இவற்றைப் பற்றி எழுதத் தொடங்கிய பிறகு, கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருதுப் பக்கத்திலிருந்தும் புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்தும் பலர் எனக்குப் படம் அனுப்பி, "இது அசல்தானா?" என்று கேட்கிறார்கள். அநேகமாக எல்லாப் பொருளோடும் ஒரு கதை வருகிறது: "83 கலவரத்தில் தப்பியது", "இடம்பெயர்ந்தபோது பெட்டிக்குள் கொண்டுவந்தது", "சுனாமியில் மிஞ்சியது".

இக்கதைகளில் பல உண்மை. ஆனால் போரைக் கண்டவர்களிடம் இப்படியொரு கதையைச் சொன்னால் மேற்கொண்டு கேள்வி வராது என்பது விற்பவருக்கும் தெரியும். ரசீது இல்லை என்பதற்காக ஒரு பொருள் போலியாகிவிடாது. எங்களில் பலரிடம் காணி உறுதியே மிஞ்சவில்லை. அதேபோல, உருக்கமான கதை ஒரு பொருளை அசலாக்கவும் மாட்டாது. முதலில் பொருளைப் பார்க்க வேண்டும்.

உடையும் வாளும்

படத்தில் வந்த பொருளைச் சோதிக்கச் சிறந்த வழி, அதைத் திரைக்காட்சியோடு ஒப்பிடுவது. தெளிவான பிரதியில் காட்சியை நிறுத்தி, கீறல், தையல் பிசகு, மரத்தின் ரேகை, உடைந்த மூலை போன்ற அடையாளங்களைத் தேடுங்கள். நிறமும் வடிவமும் ஒத்திருந்தால் போதாது. அவற்றைப் பார்த்துத்தான் போலியும் செய்யப்படுகிறது. அதே நேரம், ஒரு படத்துக்கு ஒரே பொருளைப் பல எண்ணிக்கையில் செய்வதுண்டு. அண்மைக் காட்சிக்கு உலோக வாள், சண்டைக்கு மர வாள். பாரம் இல்லை என்பதை மட்டும் வைத்துப் போலி என்று தள்ளிவிட வேண்டாம்.

1939இல் வெளிவந்த 'தி விசார்ட் ஆஃப் ஓஸ்' படத்தின் சிவப்புக் காலணிகள் இதற்கு நல்ல உதாரணம். ஒரு சோடி 2005இல் அமெரிக்க அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து திருடப்பட்டு 2018இல் மீட்கப்பட்டது. அதைச் சோதித்த ஸ்மித்சோனியன் நிபுணர்கள், தங்களிடமிருந்த சோடியும் மீட்கப்பட்ட சோடியும் இடமும் வலமும் மாறிக் கலந்திருந்ததைக் கண்டார்கள். இந்தச் சோடி 2024 டிசம்பரில் 2 கோடி 80 லட்சம் டொலருக்கு ஏலம் போனது.

எதையும் நிரூபிக்க முடியாத பொருட்களும் உண்டு. 'தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' படத்துக்காகக் கித்துல்கலையில் களனி கங்கை மேல் கட்டிய பாலம், படப்பிடிப்பிலேயே வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அந்தப் பாலத்தின் பலகை என்று யாராவது ஒரு துண்டை நீட்டினால் திரையோடு ஒப்பிட வழியில்லை. அது வெறும் பலகையின் விலைதான் பெறும்.

சுவரொட்டியும் பாட்டுப் புத்தகமும்

எங்கள் பக்கத்தில் அதிகம் கிடைப்பவை தாள்கள்தான். அவற்றில் இவற்றைக் கவனியுங்கள்:

• எழுத்து: தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை 1978இல் நடைமுறைப்படுத்தியது. அதற்கு முந்திய அச்சில் ணை, லை, ளை, னை ஆகியவை மேலே சுழித்த பழைய வடிவிலும், ணா, றா, னா ஆகியவை கீழே சுழித்த வடிவிலும் இருக்கும். பெரியாரின் இதழ்கள் 1935 முதலே புதிய வடிவத்தைப் பயன்படுத்தினாலும், பொதுவான அச்சகங்கள் அப்படியல்ல. 1960களின் சுவரொட்டியில் இன்றைய 'லை' இருந்தால் சந்தேகப்படுங்கள்.

• விலை: அணா என்றிருந்தால் அது 1957க்கு முந்திய இந்திய அச்சு. நயா பைசா என்றால் 1957 முதல் 1964 வரை. சதம் என்றால் இலங்கையில் விற்க அச்சிட்டது.

• முகவரி: எங்கள் நாட்டின் ஆங்கிலப் பெயர் சிலோனிலிருந்து ஸ்ரீலங்காவாக மாறியது 1972 மே 22இல். இந்திய அஞ்சல் குறியீட்டு எண்ணும் 1972இல்தான் வந்தது. இந்தியத் தாளில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்க வேண்டும் என்று 1867இன் சட்டம் விதித்திருந்தது; அடி ஓரத்தில் தேடுங்கள்.

• தாள்: தேத்தண்ணியில் நனைத்துக் காயவைத்த தாள் முழுவதும் ஒரே சீராகப் பழுத்திருக்கும். இயற்கையான பழுப்பு பெரும்பாலும் ஓரத்திலிருந்து உள்ளே வரும். புத்தகத்தின் கம்பி துருப்பிடித்தால் கறை தாளுக்குள் ஊறியிருக்க வேண்டும். எங்கள் கடற்காற்றில் அது விரைவாகவே நடக்கும். நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கில் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால், 1950களுக்கு முந்திய தாள் என்பதை நம்ப வேண்டாம்.

அசல் என்றால் யாருடையது?

ஒரு பொருள் அசல் என்று தெரிந்த பிறகும் இன்னொரு கேள்வி மிச்சமிருக்கிறது. 1983 ஜூலையிலும் அதன் பின்னரும் வீடுகளும் கடைகளும் சூறையாடப்பட்டன. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் தங்கள் உடைமைகளை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். உங்கள் கையில் இருப்பது யாரோ தேடிக்கொண்டிருக்கும் பொருளாக இருக்கலாம். உள்ளே பெயர், முத்திரை, அன்பளிப்புக் குறிப்பு இருந்தால் அழிக்காதீர்கள். அவற்றை அழித்து விற்பவரிடம் வாங்காதீர்கள்.

1983இல் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. இலங்கைத் தமிழ்ப் படங்கள் பலவற்றை இன்று பார்க்கவே முடியாது. அப்படியான ஒரு படத்துக்கு ஒரு நோட்டீசோ பாட்டுப் புத்தகமோதான் மிஞ்சிய சாட்சியாக இருக்கக்கூடும். போலி ஒன்று அந்தச் சாட்சியத்துக்குள் நுழைந்தால், பிறகு அசலையும் யாரும் நம்பமாட்டார்கள்.

ஆகவே பொருள் கைக்கு வந்த அன்றே, யாரிடம், எங்கே, எப்போது வாங்கினீர்கள், அவர் சொன்ன கதை என்ன என்பதைத் தனித்தாளில் எழுதி வையுங்கள். கதையைக் கதை என்றே குறியுங்கள். நீங்கள் சோதித்து அறிந்ததை வேறாக எழுதுங்கள். செலோடேப் ஒட்டாதீர்கள், லெமினேட் செய்யாதீர்கள். இரு பக்கத்தையும் ஸ்கேன் செய்து, இலங்கைத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்தும் நூலகம் நிறுவனம் போன்றவர்களுக்கு ஒரு பிரதி கொடுங்கள். இன்னொரு இடப்பெயர்வோ வெள்ளமோ வந்தாலும் அந்தப் பிரதி மிஞ்சும்.