தசையும் மின்னும்: பண்டத்தரிப்பு மருத்துவ மரபினூடாக ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதியிலே, சங்கானைக்கு வடக்கே அமைந்துள்ள ஊர் பண்டத்தரிப்பு. 1820 இல் யோன் ஸ்கடர் என்னும் அமெரிக்க மருத்துவர் இவ்வூரிலே தங்கி நோயாளரைப் பார்க்கத் தொடங்கினார். அமெரிக்க மிஷன் கீழைநாடுகளுக்கு அனுப்பிய முதல் மருத்துவர் அவரே. இன்று ரென்னிஸ் வீரர் தம் தொடைத் தசைக்கு மின் பாய்ச்சிப் பயிற்சி பெறுவதற்கும் இம்மிஷன் நிலையத்துக்கும் யாது தொடர்பு என்று வினவுதல் இயல்பே. நேர்த் தொடர்பு எதுவுமில்லை. ஆயினும் அப்பயிற்சிமுறை நோயாளியின் படுக்கையிலே பிறந்து ஆடுகளத்தை அடைந்தது. அது பிறந்த காலத்திலேயே தமிழர்க்கு உடலியலறிவைத் தமிழிற் கொடுக்கும் முயற்சியும் பண்டத்தரிப்பை ஒட்டிய மருத்துவ மரபிலே நடைபெற்றது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கினால், இன்றைய நிலையில் இடையே விடுபட்டது எதுவென்பது புலனாகும்.

மின்னுக்குத் தசை கட்டுப்படும் என்பதை இத்தாலியரான கல்வானி தவளைக் கால்களைக் கொண்டு ஆராய்ந்து 1791 இல் வெளியிட்டார். அப்போது அது வியப்புக்குரிய காட்சியேயன்றி மருத்துவமன்று. மருத்துவர் கையாளத்தக்க மின்கருவி தோன்றுதற்கு மின் தூண்டல் விதி அறியப்படவேண்டியிருந்தது. மைக்கேல் பரடே 1831 இல் இலண்டனில் அதனைக் கண்டறிந்தார். ஸ்கடர் அப்பொழுது யாழ்ப்பாணத்திலே பணிபுரிந்துகொண்டிருந்தார். அவர் 1836 இல் சென்னைக்குச் சென்றார். அவர் பேர்த்தி ஐடா ஸ்கடர் பின்னாளில் வேலூரில் நிறுவிய மருத்துவமனையைத் தமிழுலகம் நன்கறியும்.

பரடேயின் கண்டுபிடிப்பை உடலுக்குப் பயன்படுத்தியோருள் தலையாயவர் பிரெஞ்சு மருத்துவர் டியூசென். ஈரமாக்கிய மின்வாய்களைத் தோல்மீது வைத்து, கத்தியின்றியே தனித் தனித் தசைகளை இயக்கி, ஒவ்வொன்றும் எவ்வசைவுக்குக் காரணம் என்பதை அவர் வகுத்துக் காட்டினார். அவரது பெருநூல் 1855 இல் வெளிவந்தது. ஸ்கடர் மறைந்ததும் அவ்வாண்டிலேயே. டியூசெனின் நாட்டம் முடங்கிய உறுப்பை அறிதலிலும் ஆற்றுதலிலும் இருந்தது; நலமுடையவனை மேலும் வலியனாக்குவது அவர் கருத்தன்று.

இக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தது வேறொரு வகையில் அதற்கு நிகரானது. 1847 இல் வந்த சாமுவேல் கிறீன், வட்டுக்கோட்டையிலும் மானிப்பாயிலும் ஸ்கடரின் பணியைத் தொடர்ந்தார். மருத்துவத்தைத் தமிழர்க்குத் தமிழிலேயே கற்பிக்க வேண்டுமென்ற முடிவுக்கு அவர் வந்தமை வியத்தற்குரியது. கல்வின் கட்டரின் நூலைத் தழுவிய ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’ 1857 இல் அச்சாயிற்று. அங்காதிபாதம் உடலின் அமைப்பு. சுகரணவாதம் அதன் தொழிற்பாடு. உற்பாலனம் அதனைப் பேணும் முறை. கிறீனும் அவர் மாணாக்கரும் பின்னரும் பல மருத்துவ நூல்களைத் தமிழாக்கினர். சொற்கள் சில இன்று நமக்குக் கரடுமுரடாகத் தோன்றலாம். ஆனால் கட்டுப்போடும் கைக்குரியவன் தான் தொடுவது யாதென்பதைத் தன் மொழியில் அறிந்திருக்க வேண்டும் என்ற கொள்கையிற் பிழை காண்பதரிது.

கிறீன் 1873 இல் நாடு திரும்பினார். அடுத்த ஆண்டில் இங்கிலாந்தில் விங்பீல்ட் என்பார் புல்வெளி ரென்னிஸ் ஆட்டத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1877 இல் விம்பிள்டன் போட்டி தொடங்கிற்று. தமிழகத்து இராமநாதன் கிருஷ்ணன் 1960 இலும் 1961 இலும் அங்கே அரையிறுதிவரை முன்னேறினார். அவரது பெருமை பந்தைத் தொடும் நயத்திலிருந்ததேயன்றி அடியின் வலிமையில் இருந்ததில்லை. மின்னினால் தரமுடியாதது எது என்பதற்கு அவர் ஆட்டமே போதிய சான்று.

மின் தூண்டலை ஆடுகளத்துக்கு அழைத்துவந்தது சோவியத் நாடு. யாகொவ் கொட்ஸ் என்னும் உடலியலறிஞர் 1971 இல் வெளியிட்ட முறையின்படி 10 செக்கன் மின் பாய்ச்சி 50 செக்கன் ஓய்வு கொடுத்தல், அதனைப் பத்துமுறை செய்தல் என்பதே பயிற்சி. 1977 இல் மொன்றியலில் நடந்த கருத்தரங்கிலே, இம்முறையால் வீரரின் வலிமை நூற்றுக்கு 40 வீதம்வரை கூடியதாக அவர் அறிவித்தபோது மேலைநாட்டார் திகைத்தனர். பின்னர் அவர்கள் செய்த சோதனைகளில் அத்துணைப் பயன் கிட்டவில்லை. எனினும் பயன் உண்டென்பது பொய்யாகவில்லை.

காரணத்தை அறிதல் வேண்டும். மனிதன் தானாக உறுப்பை இயக்குங்கால் நரம்பு முதலிற் சிறிய தசையிழைக் கூட்டங்களை ஏவும். வலு வேண்டுந்தோறும் பெரியவற்றை அழைக்கும். மின்னோ இவ்வொழுங்கை அறியாது. தன் எல்லைக்குட்பட்ட நரம்புக் கிளைகளை ஒருங்கே ஏவும். இதனால் இயல்பான பயிற்சியில் எளிதில் எழாத இழைகளும் உழைக்கின்றன. அதனாலேயே தசை விரைவிற் களைக்கவுஞ் செய்கின்றது.

ரென்னிஸ் வீரர் பற்றிய ஆய்வு ஒன்று 2009 இல் மபியுலெற்றியும் அவர் துணைவரும் வெளியிட்டது. வீரர் 12 பேர், மூன்று வாரங்களில் ஒன்பது தடவை, தடவைக்கு 16 நிமிடமாகத் தொடையின் முன்தசைக்கு மின் தூண்டல் பெற்றனர். மூன்றாம் வார முடிவில் தசையின் வலிமை கூடிற்று. ஆனால் குதிக்கும் உயரம் அப்பொழுது கூடவில்லை. மின்னை நிறுத்தி, வழக்கமான ஆட்டப் பயிற்சியைத் தொடர்ந்த பிந்திய வாரங்களிலேயே அது உயர்ந்தது. கரப்பந்தாட்ட வீரரிடம் 2003 இல் வெளியான ஆய்வொன்றிலும் தனிக் குதிப்பின் உயர்வு பயிற்சி முடிந்து பத்து நாளின் பின்னரே தென்பட்டது. நமது கிராமங்களின் மாலைப்பொழுதைக் கவர்ந்த ஆட்டம் அதுவாதலின், ரென்னிஸைக் காணாதவரும் இதனைக் கருதலாம். மின் தந்த வலிமையை எவ்வாறு கையாள்வது என்று நரம்பு பின்னர்க் கற்கவேண்டியுள்ளது. போட்டிக்கு முதல்நாள் கருவியைக் கட்டிக்கொள்பவன் களைப்பையன்றி வேறெதையும் பெறான்.

டியூசென் காலத்துக் கருவி மருத்துவரிடமே இருந்தது. இன்றோ அது உள்ளங்கையளவு பெட்டியாகக் கடையில் விற்கப்படுகின்றது. இதயத்திலே மின்கருவி பொருத்தப்பட்டோர் அதனைத் தொடலாகாது. வலிப்பு நோயுடையோரும் கருவுற்ற மகளிரும் மருத்துவரைக் கேளாது பயன்படுத்தலாகாது. உடல் முழுவதற்கும் மிகையாக மின் பாய்ச்சியதால் தசையிழைகள் சிதைந்து, அவற்றின் கழிவு சிறுநீரகத்துக்குத் தீங்காகும் நிலையடைந்தோரும் உளர். முதல் தடவையிலேயே இது நேர்ந்ததுண்டு. இச்செய்திகள் கருவியோடு வரும் ஆங்கிலத் தாளிலே சிற்றெழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். கருவி மருத்துவர் கையினின்று பயிற்சியாளர் கைக்கும், அங்கிருந்து பதினாறு வயது மாணவன் கைக்கும் மாறிவிட்டது. அதற்குரிய அறிவு உடன் மாறவில்லை. பண்டத்தரிப்பிலிருந்து அதிக தொலைவில்லாத மானிப்பாயிலே உருவான 1857 ஆம் ஆண்டு நூலில், அமைப்பும் தொழிற்பாடும் கூறியபின் உற்பாலனத்துக்கும் ஓரிடம் ஒதுக்கப்பட்டிருந்தது. மின் தூண்டலைப் பொறுத்தவரை அம்மூன்றாம் பகுதியைத் தமிழில் எழுதவேண்டியோர் இன்று நம் பல்கலைக்கழகங்களின் மருத்துவ பீடங்களிலும் உடற்கல்வித் துறைகளிலும் உள்ளனர்.