இடம் கேட்ட அம்மையார்: ஜோகூர் கதீஜா சிடேக்

பெண்கள் பொதுவாழ்வுக்கு வரவேண்டும் என்று மேடையில் முழங்காத அரசியல் கட்சி எதுவும் இல்லை. வந்த பெண்களை எந்த நாற்காலியில் அமர்த்துவது என்ற கேள்வி பிறக்கும்போதுதான் அம்முழக்கத்தின் உண்மை நிறம் தெரிகிறது. வீடு வீடாய்ச் சென்று வோட்டுக் கேட்கப் பெண்கள் வேண்டும். மகாநாட்டுக்கு வந்தோர்க்கெல்லாம் சோறாக்கிப் படைக்கப் பெண்கள் வேண்டும். ஊர்வலத்தின் முன்வரிசைக்கும் அவர்களே வேண்டும். அபேட்சகர் பெயர்களை எழுதும் அறைக்குள் மட்டும் அவர்கள் வரலாகாது. மலாயாவில் இவ்வழக்கத்தைத் தம் சொந்தக் கட்சிக்குள்ளேயே நின்று தாக்கி, அதற்குரிய தண்டனையையும் பெற்றவர் கதீஜா சிடேக் அம்மையார். ஜோகூர் பாருவில் குடியேறி வாழ்ந்த இவ்வம்மையாரின் சரித்திரம் நமது மலாயாத் தமிழரிடையே அதிகம் பேசப்படாதது பற்றி நாம் வருந்துகிறோம்.

ஜோகூர் இராஜ்யம் அரசியல் விஷயத்தில் தன்னைப்பற்றிப் பெருமை பாராட்டிக்கொள்ளக் காரணம் உண்டு. மலாய் நாடுகளுள் முதன்முதலாக எழுதப்பட்ட அரசமைப்புச் சட்டம் 1895-ஆம் ஆண்டிலேயே அங்குத் தோன்றியது. பின்னர் 1946-ஆம் ஆண்டு மே மாதத்தில், பிரிட்டிஷார் கொணர்ந்த மலாயன் யூனியன் திட்டத்தை எதிர்க்கும்பொருட்டு, ஜோகூர் பாருவின் பெரிய அரண்மனையில் ஓன் ஜாபார் தலைமையில் அம்னோ என்னும் மலாய்க்காரர் ஸ்தாபனம் பிறந்தது. அன்று தெருவில் இறங்கி மலாயன் யூனியனை எதிர்த்தவர்களுள் மலாய்ப் பெண்களும் ஏராளம். அதுவரை வாசலைத் தாண்டாதவர்கள் என்று வெள்ளைக்காரர்கள் எண்ணியிருந்த அப்பெண்கள் கொடியேந்தி நின்றது சர்க்காரையே திகைக்கச் செய்தது. இப்பெண்களின் பிரிவுக்குக் ‘காவும் இபு’ என்று பெயர் வைத்தார்கள். ‘தாய்மார் கூட்டம்’ என்பது அதன் பொருள். அப்பெயரே எவ்வளவு சொல்லிவிடுகிறது, பாருங்கள்! கட்சியில் ஆண்கள் அங்கத்தினர், பெண்களோ தாய்மார்.

கதீஜா 1918-ஆம் ஆண்டு மேற்குச் சுமத்திராவிலுள்ள பாரியாமானில் பிறந்தவர். அது மினாங்கபாவ் மக்களின் நாடு. முஸ்லிம்களாயினும் அவர்களிடையே குலமும் குலச்சொத்தும் தாய்வழியாகவே வரும். வீடும் வயலும் தாயிடமிருந்து மகளைச் சேரும். நாஞ்சில் நாட்டில் முன்பிருந்த மருமக்கள் வழியை அறிந்த நேயர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. வீட்டின் உரிமை பெண்ணுக்கு என்ற நாட்டில் வளர்ந்த ஒருவருக்கு, கட்சியில் உரிமை இல்லை என்று பிறர் சொன்னபோது அது செவியில் ஏறாமற் போனதில் வியப்பென்ன? டச்சுக்காரர் ஆட்சியிற் கல்வி பயின்று ஆசிரியைத் தொழில் செய்த அவர், ஜப்பானியர் போனபின் இந்தோனேசியா சுதந்திரப் பிரகடனம் செய்த காலத்தில், ‘புத்ரி கெஸத்ரியா’ என்னும் பெண்கள் படையைத் திரட்டினார். ஏறத்தாழ அதே காலத்தில், 1943-இல், சிங்கப்பூரில் நமது தோட்டத்துப் பெண்கள் ராணி ஜான்சி படையில் துப்பாக்கி தூக்கியதை இங்கு நினைவுகூர்வது பொருந்தும். அப்படையிலிருந்த ஜானகி ஆதி நாகப்பன் 1946-இல் மலாயா இந்தியக் காங்கிரஸ் தோன்றியபோது அதன் தொடக்க அங்கத்தினருள் ஒருவரானார். ரசம்மா பூபாலன் பிற்காலத்தில் ஆசிரியைகளுக்குச் சமசம்பளம் கேட்டுப் போராடினார். படையிற் பயின்ற பெண்ணைப் பழையபடி பின்கட்டுக்கு அனுப்புவது எளிதன்று என்பதற்கு இரு கூட்டத்தாரும் சாட்சி.

இந்தோனேசிய சுதந்திரத்துக்கு ஆதரவு திரட்டக் கதீஜா 1946-இல் சிங்கப்பூர் வந்தார். மறு ஆண்டு அங்கே இந்தோனேசிய, மலாயாப் பெண்களை ஒன்றுசேர்த்து ஒரு சங்கம் கண்டார். அதே விடுதலை உணர்ச்சியுள்ள டாக்டர் ஒருவரை மணந்தார். 1948 ஜூனில் அவசரகாலச் சட்டம் வந்தது. கம்யூனிஸ்டுகளை அடக்கவென்று பிறந்த அச்சட்டத்தின் வலை, காலனி ஆட்சியைப் பிடிக்காத எவரையும் வாரிக்கொள்ளக்கூடிய அகலமுடையதாயிருந்தது. கதீஜா அவ்வலையில் விழுந்தார். விசாரணையின்றிச் சிறை; சிறையிலேயே மகப்பேறு. வெளியே விட்டபோது சிங்கப்பூரில் இருக்கலாகாதென்று அகற்றப்பட்டு, பாலத்துக்கு இப்பால் ஜோகூர் பாருவை வந்தடைந்தார். அங்கே அவர் நடத்திய உணவுக்கடையின் பெயர் ‘மெர்டேக்கா’. சுதந்திரம் என்ற சொல்லைப் பெயர்ப்பலகையில் எழுதிவைத்துச் சோறு விற்ற அம்மையாரைச் சிறை ஒன்றும் மாற்றிவிடவில்லை என்பது அதிலிருந்தே விளங்கும்.

1953-இல் அவர் அம்னோவிற் சேர்ந்தார். 1954-இல் காவும் இபுவின் தலைவியானார். அவருக்குமுன் அப்பதவியில் இருந்தவர் ஜைனுன் சுலைமான், ‘இபு ஜைன்’ என்று மலாய்க்காரர் அன்போடு அழைத்த ஆசிரியை. மலாக்காவில் பிறந்து ஜோகூரின் மலாய்ப் பெண்பள்ளிகளுக்காக உழைத்த அவர், மலாய் ஆசிரியைகளின் சங்கத்தைக் கட்டி, 1930-இல் ‘புலான் மலாயு’ என்னும் பெண்கள் பத்திரிகையையும் தொடங்கியவர். அவர் உழுத நிலத்திலேதான் கதீஜா விதைத்தார். ஆனால் இருவருடைய முறையும் வேறு. இபு ஜைன் பெண்ணுக்குக் கல்வி கொடு என்றார்; அதனை மறுக்க எவருக்கும் வாய் வரவில்லை. கதீஜாவோ பெண்ணுக்கு இடம் கொடு என்றார். அங்கேதான் வம்பு பிறந்தது.

அவர் கேட்டவை மூன்று. கட்சியின் மகாநாட்டிலும் நிர்வாகத்திலும் பெண்களுக்கு அதிகப் பிரதிநிதித்துவம். மணமாகாத இளம்பெண்களுக்கென ‘புத்ரி’ என்ற தனிப்பிரிவு. வரவிருக்கும் பொதுத்தேர்தலில் மேலும் பல பெண் அபேட்சகர்கள். இவற்றை அவர் தலைவர்களிடம் மனுவாகக் கொடுத்துவிட்டு வீட்டிலிருக்கவில்லை. கம்பம் கம்பமாகச் சென்று, தையலும் எழுத்தும் கற்பிக்கும் வகுப்புகளின் ஊடே இதனையும் பேசினார். காவும் இபுவின் கிளைகள் பெருகின. கட்சியின் ஆண்கள் மகிழவேண்டிய காரியம். ஆனால் பெருகிய கிளைகள் தலைவியின் சொல்லுக்குச் செவி சாய்க்கின்றன என்பதைக் கண்டபோது அவர்கள் மகிழவில்லை.

தேர்தல் கணக்கைச் சற்று பார்ப்போம். 1955 ஜூலையில் நடந்த முதற் பொதுத்தேர்தலில் பதிவுபெற்ற வாக்காளருள் ஏறக்குறைய நூற்றுக்கு 84 பேர் மலாய்க்காரர். அவர்களிற் பெண்களும் ஏராளம். அப்பெண்களின் பெயரைப் பதிவு செய்வித்து வோட்டுச்சாவடிக்கு அழைத்து வந்தவர்கள் காவும் இபுவினரே. 52 இடங்களில் 51-ஐக் கூட்டணி வென்றது. இவ்வளவு பெரிய வெற்றியில், ஒரே ஒரு பெண்மணிக்குத்தான் அபேட்சகர் இடம் கிடைத்தது. அவர் உலு சிலாங்கூரில் நின்று வென்ற ஹாலிமாத்தோன் அப்துல் மஜீத். ஐம்பத்திரண்டில் ஒன்று!

இதனைக் கதீஜா ‘சந்தோஷம்’ என்று ஏற்றுக்கொண்டிருந்தால் அவருக்குப் பதவியும் மரியாதையும் நீடித்திருக்கும். அவர் குறை கூறினார், வெளிப்படையாகவும் கூறினார். கட்சிக் கட்டுப்பாட்டை மீறினாரென்று குற்றம் சாட்டினார்கள். ஏற்கனவே ஜோகூர்க் கட்சிக்காரர் அவரை வெளியேற்ற முற்பட்டதுண்டு. 1956-ஆம் ஆண்டின் இறுதியில் அம்னோ அவரை அடியோடு நீக்கியது. கட்டுப்பாடு என்பது ஒரு ஸ்தாபனத்துக்கு அவசியமே. நாமும் அதனை மறுக்கவில்லை. ஆனால் ஆண்கள் கோஷ்டி சேர்ந்து பதவிக்குச் சண்டையிட்டால் அதற்கு ‘அரசியல்’ என்றும், ஒரு பெண் தன் இனத்தாருக்கு இடம் கேட்டால் அதற்குக் ‘கட்டுப்பாட்டுக் குலைவு’ என்றும் பெயர் சூட்டும் அகராதியை எந்தப் புலவர் தொகுத்தாரோ, நாமறியோம்.

நம்மவர் இதைப் படித்து மலாய்க்காரரைக் குறைகூற வேண்டியதில்லை. 1920-களின் இறுதியில் மலாயாத் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளருக்குச் சர்க்கார் விதித்த நியமக்கூலி ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அதே வெயில், அதே வாளி. அந்தப் பத்துக் காசைப்பற்றி நமது சங்கங்களில் எத்தனை தீர்மானங்கள் நிறைவேறின? சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927-இல் சட்டசபையில் அமர்ந்து உபதலைவராகவும் விளங்கினார் என்று நாம் பெருமை பேசுவோம். அவர் அங்குச் சென்றது நியமனத்தால், வோட்டால் அன்று என்பதை மறந்துவிடுவோம்.

நீக்கப்பட்ட அம்மையார் என்ன செய்தார்? இங்கே நமக்குச் சங்கடமான ஒரு செய்தியைச் சொல்லவேண்டியிருக்கிறது. அவர் பாஸ் என்னும் இஸ்லாமியக் கட்சியிற் சேர்ந்தார். மார்க்க அறிஞர்கள் வழிநடத்தும் கட்சியில் பெண்ணுரிமைக்காரர் சேர்வதாவது என்று பலர் நகைத்தனர். சமயத்தை அரசியலோடு கலப்பது நமக்கு உவப்பானதன்று. எனினும் உண்மையை மறைக்கலாகாது: 1959 ஆகஸ்டு தேர்தலில் திரங்கானுவிலுள்ள டுங்குன் தொகுதியை அம்மையாருக்குக் கொடுத்தது அந்த மார்க்கக் கட்சியே. அம்மையார் வென்றார். முற்போக்கென்று தம்மைச் சொல்லிக்கொண்டவர்கள் மறுத்ததை, பிற்போக்கென்று பெயர் பெற்றவர்கள் அளித்த விசித்திரத்துக்கு நாம் சமாதானம் சொல்லப் போவதில்லை. அவர்களுக்கும் பெண்களின் வோட்டு வேண்டியிருந்தது என்பது ஒரு காரணமாயிருக்கலாம்.

சுதந்திர மலாயாவின் அந்த முதற் பாராளுமன்றத்தில் 104 அங்கத்தினருள் பெண்கள் மூவர். ஒருவர் டுங்குனின் கதீஜா. மற்றொருவர் ஜோகூரின் பொந்தியான் தெற்கிலிருந்து வந்த இபு ஜைன். மூன்றாமவர் மூவாரில் பிறந்து, கெடாவில் நின்று வென்ற பாத்திமா ஹாஷிம். மூவரும் ஜோகூரோடு பிறப்பாலோ வாழ்வாலோ பிணைந்தவர்கள். கதீஜா நீக்கப்பட்ட பின் காவும் இபுவின் தலைமையை ஏற்றவர் இந்தப் பாத்திமாவே. 1969-இல் மலேசியாவின் முதற் பெண் மந்திரியாகவும் ஆனார். பணிந்து நடந்து பதவி பெற்றார் என்று அவரைச் சிலர் ஏசுவர். அது நியாயமன்று, சர்க்கார் உத்தியோகத்தில் பெண்களுக்குச் சமசம்பளம் வருவதற்கு அவர் காலத்தில் உழைத்தவர்களுள் அவரும் ஒருவர். ஆனால் அவர் நடந்த பாதையிலிருந்த முட்களை முன்னரே மிதித்தவர் யார் என்பதையும் சொல்லவேண்டும்.

1964-ஆம் ஆண்டுத் தேர்தலோடு கதீஜாவின் பாராளுமன்ற வாழ்வு முடிந்தது. பின்னாளில் அவர் அம்னோவுக்கே திரும்பினார். ஆனால் பதவியோ செல்வமோ அவரைத் தேடி வரவில்லை. தம் வாழ்க்கையை அவரே எழுதிவைத்தார். அவர் 1982-இல் மறைந்தார். அந்நூல் 1995-இல், மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தின் வெளியீடாக வந்தது.

‘தாய்மார் கூட்டம்’ என்ற பழம்பெயர் 1971-இல் ‘வனிதா’ என்று மாறியது. இளம்பெண்களுக்குத் தனிப்பிரிவு வேண்டுமென்று கதீஜா கேட்டபோது, கட்சி பிளவுபடும் என்று தலையசைத்த அதே அம்னோ, ‘புத்ரி’ என்னும் அதே பெயரில் அப்பிரிவைத் தொடங்கியது 2001-ஆம் ஆண்டில்.