காவிரிக்குத் தூண்டிலோடு வந்தவர்கள்

ஓசூர் சிப்காட்டில் வேலை கிடைத்து, ஓசூர் வாடகைக்குப் பயந்து தேன்கனிக்கோட்டையில் வீடு பார்க்கும் குடும்பங்கள் உண்டு. தஞ்சாவூர்ப் பக்கமோ திருநெல்வேலிப் பக்கமோ இருந்து வந்த குடும்பம் என்றால், முதல் ஞாயிற்றுக்கிழமையே பிள்ளைகள் கேட்டுவிடுவார்கள்: "அப்பா, இங்க ஆறு எங்க இருக்கு? மீன் பிடிக்கப் போலாமா?" அப்பாவும் கடைத்தெருவில் கொஞ்சம் நரம்பு, நாலு தூண்டில் முள் வாங்கி வந்துவிடுவார். மூங்கில் கழிக்கா பஞ்சம்!

நியாயமான ஆசைதான். ஆனால் இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. ஏனென்றால் இந்தப் பகுதியின் ஆற்றுக்குப் புதியவர்கள் தூண்டிலோடு வருவது இது முதல் தடவையல்ல. நூறு வருடங்களுக்கு மேலாக வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். அவர்கள் ஆற்றிலிருந்து எடுத்தது என்ன, ஆற்றில் விட்டது என்ன, நோட்டில் எழுதி வைத்தது என்ன? இந்த மூன்றையும் வரவு செலவுக் கணக்கு மாதிரி போட்டுப் பார்த்தால் ஆச்சரியமான ஒரு விடை வருகிறது.

முதலில், ஆறு எங்கே?

தேன்கனிக்கோட்டையைச் சுற்றி மூன்று நீர்வழிகளைச் சொல்லலாம். வடக்கே ஓசூர்ப் பக்கம் தென்பெண்ணை. நந்தி மலையில் பிறந்து, பெங்களூரின் கழிவுநீரையும் வாங்கிக்கொண்டு கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அணையில் நுரை பொங்குகிறது என்று அடிக்கடி செய்தி வருகிறதே, அந்த ஆறுதான். அடுத்தது தளி மலைப் பக்கம் பிறந்து பஞ்சப்பள்ளி வழியாக ஓடி ஒகேனக்கல் அருகே காவிரியில் சேரும் சின்னாறு. இதில் மழைக் காலத்தில்தான் நல்ல தண்ணீர்.

மூன்றாவதுதான் பெரியது. அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் தாண்டி காட்டுக்குள் இறங்கினால் பிலிகுண்டுலு. கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு எவ்வளவு தண்ணீர் விடுகிறது என்று மத்திய நீர் ஆணையம் அளக்கிற இடம் இதுதான். 2018ல் உச்ச நீதிமன்றம் சொன்ன 177.25 டி.எம்.சி. கணக்கும் இங்கேதான் பார்க்கப்படுகிறது. இங்கே ஓடும் காவிரியில்தான் நம் கதையின் மீன் இருந்தது.

அந்த மீன் மகசீர். கெண்டைக் குடும்பம். செதில் ஒவ்வொன்றும் பெரிதாக இருக்கும். காவிரிக்கே உரிய மகசீருக்கு முதுகில் திமில் மாதிரி ஒரு மேடு உண்டு. துடுப்புகள் ஆரஞ்சு நிறம். வளர்ந்தால் ஐம்பது கிலோவைத் தாண்டும்!

ராஜா விளையாட்டு, கலெக்டர் விளையாட்டு

தூண்டில் போடுவதை வெள்ளைக்காரன்தான் பொழுதுபோக்காக ஆக்கினான் என்று நினைத்தால் அது தவறு. கல்யாணியை ஆண்ட சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேஸ்வரன் 1130ஐ ஒட்டி 'மானசோல்லாசம்' என்ற சமஸ்கிருத நூலை எழுதினான். அதில் 'மத்ஸ்யவினோதம்' என்று ஒரு பகுதியே இருக்கிறது. எந்த மீனுக்கு எந்த இரை, நரம்பு எப்படி, கழி எப்படி என்று விவரமாகச் சொல்கிறது. ஆங்கிலத்தில் தூண்டில் பற்றி முதன்முதலில் அச்சான நூல் 1496ல் வந்தது. ராஜாவின் புத்தகம் அதற்கு முந்நூற்றைம்பது வருடம் மூத்தது.

ராஜாவுக்குப் பின் கலெக்டர். சென்னை மாகாண சிவில் சர்வீஸில் இருந்து, தென் கன்னட மாவட்டத்தில் கலெக்டராக வேலை பார்த்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873ல் 'தி ராட் இன் இந்தியா' என்ற புத்தகத்தை வெளியிட்டார். மகசீர் பிடிப்பது எப்படி என்று அதில் விலாவாரியாக எழுதினார். அதற்குப் பின் இந்தியாவுக்கு வேலைக்கு வந்த ஆங்கிலேய அதிகாரிகளுக்கு அது ஒரு வழிகாட்டி மாதிரி ஆனது. அவர்களும் வேலை நிமித்தம் ஊர் மாறி வந்த புதியவர்கள்தானே!

ஆற்று மீன் தாறுமாறாக அழிக்கப்படுகிறது என்று தாமஸ் அரசாங்கத்துக்கும் எழுதினார். அந்தக் காலத்தில் எழுந்த இப்படிப்பட்ட குரல்களுக்குப் பின் 1897ல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பதை அது குற்றமாக்கியது. தண்டனை இரண்டு மாதம் வரை சிறை, அல்லது இருநூறு ரூபாய் வரை அபராதம். அன்றைய இருநூறு ரூபாய் பெரிய தொகை.

எடுத்தது

எடுத்த கணக்கைப் பாருங்கள். 1919ல் மேஜர் ரிவெட்-கார்னாக் காவிரியில் பிடித்த மகசீர் 119 பவுண்டு. 1946ல் மைசூரில் விலங்குகளைப் பாடம் செய்து வந்த வான் இங்கன் குடும்பத்தின் டி வெட் வான் இங்கன், காவிரியின் கிளை நதியான கபினியில் பிடித்தது 120 பவுண்டு. கிலோவில் சொன்னால் 54க்கு மேல். ஒரு வளர்ந்த ஆளின் எடை!

பிடித்தவர் பெயரும் பவுண்டும் புத்தகத்தில் ஏறின. எந்த மடுவில் மீன் நிற்கும் என்று காட்டியவர், பரிசல் தள்ளியவர், இரை உருட்டிக் கொடுத்தவர் பெயர்கள் ஏறவில்லை. காவிரி மகசீருக்குப் பேர்போன இரை எது தெரியுமா? ராகி உருண்டை! கிருஷ்ணகிரி, தர்மபுரி வீடுகளில் களி கிண்டுகிற அதே ராகி மாவைக் கெட்டியாக வேகவைத்து, உருட்டி, முள்ளில் செருகுவார்கள். சீமையிலிருந்து வந்த விலை உயர்ந்த கழியின் நுனியில் தொங்கியது உள்ளூர்ச் சமையல்தான். புதியவர் யாரும் இந்த ஆற்றில் தானாக மீன் பிடிக்கவில்லை. உள்ளூர்க்காரர் சொல்லிக் கொடுத்துத்தான் பிடித்தார்.

விட்டது

சுதந்திரத்துக்குப் பின் ஆங்கிலேயர் போனார்கள். அணைகள் வந்தன, வெடி வைப்பதும் பெருகியது. பெரிய மகசீர் அழிந்தே போய்விட்டது என்று வெளிநாட்டில் பலர் நினைத்தார்கள். 1977ல் மூன்று ஆங்கிலேய இளைஞர்கள் மகசீர் தேடி இந்தியா வந்தார்கள். அவர்கள் காவிரியில் பெரிய மீன்களைப் பிடித்துக் காட்டியபோது உலகம் மறுபடி இந்த ஆற்றைத் திரும்பிப் பார்த்தது.

இதற்கு முன்பே, 1972ல், பெங்களூரில் தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் தொடங்கப்பட்டிருந்தது. காவிரியின் ஒரு பகுதியைக் காவல் போட்டுப் பாதுகாக்க அது முன்வந்தது. பின்னர் கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் பீமேஸ்வரி, காலிபோரே போன்ற இடங்களில் முகாம்கள் நடத்தியது. அங்கே விதி ஒன்றுதான்: பிடி, எடை போடு, உயிரோடு ஆற்றில் விடு. முன்பு வெடி வைத்தவர்கள் சிலரே வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் மாறினார்கள். செத்த மீனை ஒரு முறைதான் விற்கலாம், உயிருள்ள மீன் வருடம் முழுவதும் கூலி கொடுக்கும் என்ற எளிய கணக்கு அவர்களுக்குப் புரிந்திருந்தது.

இதுவரை நல்ல கதை. தவறு இனிமேல்தான் வருகிறது.

மகாராஷ்டிராவில் லோனாவாலா என்ற ஊரில் டாடா மின் நிறுவனம் ஒரு மகசீர் குஞ்சுப் பண்ணை நடத்தி வந்தது. அங்கே வளர்ந்தது நீலத் துடுப்பு மகசீர். 1839ல் சைக்ஸ் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி புனே பக்கத்து ஆற்றிலிருந்து விவரித்த மீன் அது. அந்தக் குஞ்சுகள் காவிரியிலும் விடப்பட்டன. மகசீர் குறைகிறது, எனவே மகசீரை விடுவோம் என்பதுதான் எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் அது வேறு ஆற்றின் மகசீர்!

பொதுவாகவே அந்தக் காலத்தின் போக்கு அப்படி. 1952ல் ஆப்பிரிக்கத் திலேப்பியா இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதைத்தான் நாம் ஜிலேபி மீன் என்கிறோம். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹிராலால் சவுத்ரி ஊசி மூலம் கெண்டை மீன்களை முட்டையிட வைத்துக் காட்டினார். அதன் பின் கட்லா, ரோகு, மிர்கால் என்ற வடநாட்டு ஆற்று மீன்களின் குஞ்சுகள் தெற்கே அணை அணையாக வந்தன. காமராஜர் முதல்வராக இருந்தபோது கிருஷ்ணகிரி அணை திறக்கப்பட்டதும் அதே 1957ல்தான். இவற்றால் ஏழைத் தட்டுக்கு மீன் வந்தது என்பதை மறுக்கக்கூடாது. எந்த மீனை எந்தத் தண்ணீரில் விடுகிறோம் என்ற கேள்வி மட்டும் தாமதமாகக் கேட்கப்பட்டது.

எழுதி வைத்தது

காலிபோரே முகாமில் ஒரு பழக்கம் இருந்தது. யார் எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார், எந்த வகை மீன், எவ்வளவு எடை என்று தினமும் நோட்டில் எழுதுவார்கள். இந்த நோட்டுகளை ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன், ராபர்ட் பிரிட்டன் ஆகிய ஆய்வாளர்கள் எடுத்துக் கணக்குப் போட்டு 2015ல் வெளியிட்டார்கள். 1998 முதல் 2012 வரை 23,620 மணி நேரம். பிடித்து விடப்பட்ட மகசீர் 6,161.

மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் சந்தோஷப்படலாம். மீன் பெருகியிருந்தது. ஆனால் பெருகியது எல்லாம் வந்தேறிய நீலத் துடுப்பு. காவிரியின் சொந்தத் திமில் மகசீர் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே போயிருந்தது. இன்னொன்றும் தெரிந்தது. கிடைத்த சில திமில் மகசீர்களின் சராசரி எடை கூடிக்கொண்டே போனது!

எடை கூடினால் நல்லதுதானே? இல்லை. ஒரு கடையில் பழைய வாடிக்கையாளர் பத்துப் பேர் மட்டும் வருகிறார்கள், புது ஆள் ஒருவரும் வரவில்லை என்று வையுங்கள். வருகிறவர்களின் சராசரி வயது ஏறிக்கொண்டே போகும். ஒருநாள் கடை மூட வேண்டியதுதான். இங்கேயும் அதேதான் நடந்தது. கிழட்டு மீன்கள் மட்டும் மிச்சம். குட்டி மீன்கள் வரவில்லை. அணை, மாசு, வெடி என்று வேறு காரணங்களும் இருக்கின்றன. ஆனாலும் விடப்பட்ட மீன் இடத்தைப் பிடித்துக்கொண்டது பெரிய காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இதைவிட வேதனை, அதுவரை அந்த மீனுக்கு உறுதியான அறிவியல் பெயர்கூட இல்லை. 2018ல்தான், 2007ல் கேரளத்தின் பாம்பாற்றில் கண்டு விவரிக்கப்பட்ட 'டார் ரேமாதேவியை' என்ற மீனும் இதுவும் ஒன்றே என்று நிரூபிக்கப்பட்டது. இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் மீனியல் அறிஞர் ரேமாதேவியின் பெயர் அது. அதற்கான மாதிரிகள் கிடைத்தது மாயாற்றில். அதே ஆண்டு பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை மிக மோசமான அழிவு நிலையில் உள்ள இனமாக அறிவித்தது. பெயர் சூட்டு விழாவும் எச்சரிக்கை மணியும் ஒரே வருடம்!

இன்று போகிற குடும்பத்துக்கு

வனவிலங்குச் சட்டப்படி சரணாலயத்தில் தூண்டில் விளையாட்டு கூடாது என்ற நிலை வந்து, 2012ஓடு காலிபோரேயின் கணக்கு நோட்டும் மூடப்பட்டது. தமிழ்நாட்டுக் கரையில் 2014ல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 504 சதுர கிலோமீட்டரில் அறிவிக்கப்பட்டது. 2022ல் காவிரி தெற்குச் சரணாலயம் 686 சதுர கிலோமீட்டர் சேர்ந்தது. எனவே அஞ்செட்டி தாண்டி காட்டில் இறங்கித் தூண்டில் போடலாம் என்று புறப்பட வேண்டாம். சட்டமும் இடம் தராது, யானையும் இடம் தராது.

வேறு வழி? ஏரிகளிலும் அணைகளிலும் மீன் பிடிக்கும் உரிமை குத்தகையாகவோ உரிமமாகவோ ஒருவரிடம் இருக்கும். மீன்வளத் துறை அலுவலகத்திலும் அந்த நீர்நிலையின் மீனவரிடமும் கேட்டுவிட்டுக் கழியை எடுப்பதுதான் மரியாதை. நுரை வரும் தண்ணீரில் பிடித்ததைக் குழம்பு வைக்க வேண்டாம். ஜிலேபி மீன் கிடைத்தால் தாராளமாக வீட்டுக்கு எடுத்துப் போகலாம், ஆற்றுக்கு நஷ்டமில்லை. வீட்டுத் தொட்டியில் வளர்த்த மீனை, பாவம் பிழைக்கட்டும் என்று ஆற்றில் விடுவதைத்தான் ஒருபோதும் செய்யக்கூடாது. காவிரிக்கு நேர்ந்த கதை அந்த மாதிரி ஒரு பாவ புண்ணியத்தில் தொடங்கியதுதான்.

கணக்கை இப்போது முடிக்கலாம். புதியவர்கள் எடுத்த மீன்கள் புகைப்படங்களில் இருக்கின்றன. விட்ட மீன்கள் ஆற்றை மாற்றிவிட்டன. ஆற்றுக்கு உதவியது எழுதி வைத்த நோட்டு ஒன்றுதான். அந்த நோட்டு இல்லையென்றால் திமில் மகசீர் சத்தமில்லாமல் போயிருக்கும், போனதே யாருக்கும் தெரிந்திருக்காது.

ஆகவே தேன்கனிக்கோட்டைக்குப் புதிதாக வந்த அப்பா கடைத்தெருவில் நரம்பும் முள்ளும் வாங்கும்போது, பக்கத்துக் கடையில் ஒரு நாற்பது பக்க நோட்டும் வாங்கட்டும். என்ன மீன், எந்தத் தண்ணீர், எந்தத் தேதி, உள்ளூரில் அதற்கு என்ன பெயர், சொல்லிக் கொடுத்தவர் யார் என்று பிள்ளைகள் எழுதட்டும். அந்தக் கடைசி விவரத்தைக் கலெக்டர்களும் மேஜர்களும் எழுதாமல் விட்டுவிட்டார்கள். பிள்ளைகளாவது எழுதட்டும்.