ஆடினாலும் குலையாத அலை

உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் எங்கள் மட்டக்குளிப் பிள்ளைகளுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் ஒரு சிறு வரலாறு.

காக்கைதீவுப் பக்கம் களனி கங்கையின் கலங்கல் தண்ணீர் கடலில் இறங்கியதும் பரந்து கரைவதை நாம் பார்த்திருக்கிறோம். தனியே விடப்பட்ட இலத்திரனின் அலைப்பொதியும் அப்படித்தான். நேரம் போகப் போகப் பரந்துவிடும். 1926இல் ஷ்ரோடிங்கர் ஒரு விதிவிலக்கைக் கண்டார். எளிமை இசை இயக்கத்தில், ஊஞ்சல் போல ஆடும்போது, ஒருவகை அலைப்பொதி எவ்வளவு காலம் ஆடினாலும் அகலம் மாறாது. அதன் நடுப்புள்ளி ஊஞ்சலின் வழியிலேயே போய்வரும். அணுவுக்குள் இருக்கும் இலத்திரனுக்கும் இது பொருந்தும் என்று அவர் எதிர்பார்த்தார். அது சரிவரவில்லை.

1960இல் லேசர் வந்தது. 1963இல் அமெரிக்காவில் ரோய் கிளவ்பர், ஒளிக்கு இந்த நிலைகள் பொருந்துவதைக் காட்டி, அவற்றை ஒத்திசைவு நிலைகள் என்றார். காலத்தோடு இந்த நிலை மாறுவது கடிகார முள் சுற்றுவது போன்றது: திசை மாறும், நீளம் மாறாது. வழியில் கொஞ்சம் ஒளி உறிஞ்சப்பட்டால் வீச்சம் குறையும். அப்போதும் அது ஒத்திசைவு நிலையாகவே இருக்கும்.

அதே 1963இல் ஜோர்ஜ் சுதர்சன் இன்னொரு படி போனார். 1931இல் கேரளத்தின் கோட்டயம் பகுதியில் பிறந்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர் அவர். எந்த ஒளியையும் ஒத்திசைவு நிலைகளின் கலவையாக எழுதலாம் என்று நிறுவினார். அந்தக் கலவைக் கணக்கில் மறைப் பெறுமானம் வந்தால், அந்த ஒளி பழைய பௌதிகத்துக்கு அடங்காதது.

2005ஆம் ஆண்டு நோபல் பரிசில் பாதி கிளவ்பருக்குக் கிடைத்தது. சுதர்சனுக்கு ஒன்றும் இல்லை. தன் பங்கு விடுபட்டதாக அவர் நோபல் குழுவுக்குக் கடிதம் எழுதினார், முடிவு மாறவில்லை. 2018இல் காலமானார். ஆனால் அந்தச் சூத்திரத்தை உலகம் இன்றும் கிளவ்பர்–சுதர்சன் என்று இரு பெயராலும்தான் அழைக்கிறது.

1980களில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்துக்குப் பணிப்பாளராக இருந்தவரும் இவரே. கடலுக்கு அந்தப் பக்கம், நமக்கு இவ்வளவு கிட்டத்தில் நடந்த வரலாறு இது. ஆகவே பிள்ளைகளே, எளிமை இசை இயக்கத்தைப் பரீட்சைக்கு மட்டும் என்று ஒதுக்க வேண்டாம். ஷ்ரோடிங்கர் தொடங்கியதும் அந்தப் பாடத்தில்தான்.