குதிரைச் சாமான்களில் குழந்தையின் இடம்

மே மாதம் வந்தால் நம்மைப் போன்ற வெளியூர்க் குடும்பங்களுக்கு ரெண்டே வழிதான். ஒன்று ஊருக்கு ரயில் டிக்கெட். கிடைக்காவிட்டால் பக்கத்தில் ஒரு மலை. டெல்லிக்காரர்களுக்கு முசௌரி, மும்பை, புனேக்காரர்களுக்கு மாதேரான். போன இடத்தில் பிள்ளையைக் குதிரையில் ஏற்றிவிட்டு நாம் கேமராவை எடுக்கிறோம். குதிரை மேல் என்ன மாட்டியிருக்கிறது என்று பார்ப்பதில்லை. அந்தச் சாமான்களுக்குப் பின்னால் ரெண்டாயிரம் வருஷக் கதை இருக்கிறது.

முதலில் அங்கவடி. சாஞ்சி காலத்து இந்தியாவில், கால் கட்டைவிரலை மட்டும் நுழைக்கும் ஒரு சின்ன வளையம்தான் இருந்தது. முழுப் பாதமும் வைக்கிற அங்கவடி சீனாவில் வருகிறது. கி.பி. 302-ஆம் ஆண்டுக் கல்லறையில் கிடைத்த பொம்மைக் குதிரையில் ஒரு பக்கம் மட்டும் தொங்குகிறது, ஏறுவதற்காக. அடுத்த சில பத்தாண்டுகளில் ரெண்டு பக்கமும் வந்துவிட்டது. இதெல்லாம் போர்வீரனை மனதில் வைத்துச் செய்தவை. ஈட்டி வீசும்போது அவன் குதிரையை விட்டு விழக்கூடாது, அவ்வளவுதான் கவலை.

குழந்தைக்கு வேண்டியதோ வேறு. குழந்தை எப்படியும் ஒரு நாள் விழும். விழும்போது சாமான் அதன் காலை விட்டுவிட வேண்டும். பாதம் அங்கவடியில் மாட்டிக்கொண்டால் குதிரை தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடும். இங்கிலாந்தில் ஒருபக்கமாக உட்கார்ந்து சவாரி செய்த சீமாட்டிகளுக்கு நீளப் பாவாடை சேணத்தில் சிக்கி இதே கதி நேர்ந்தது. அதனால் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சிக்கினால் கழன்றுகொள்ளும் பாவாடைகள் வந்தன. குழந்தைகளுக்கு 'பீகாக்' அங்கவடி வந்தது. அதன் வெளிப்பக்கத்தில் இரும்புக்குப் பதில் ஒரு ரப்பர் வளையம். கால் அழுத்தினால் ரப்பர் கழன்று கால் வெளியே வந்துவிடும். விலையும் குறைவு, வேலையும் எளிது.

அடுத்தது கடிவாளம். கி.மு. 4-ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க நாட்டு ஸெனஃபோன் குதிரையேற்றம் பற்றி எழுதிய நூலில், கோபத்தோடு குதிரையிடம் போகாதே என்கிறார். ஆனால் அவரே வழவழப்பான கடிவாளத்தோடு கூர்முனை வைத்த ஒன்றும் வைத்துக்கொள்ளச் சொன்னவர். நம் நாட்டிலும் முள் வைத்த கடிவாளம் உண்டு. 1965-ஆம் வருஷ மத்திய அரசு விதிகள், இழுவை, பொதி விலங்குகளுக்கு இப்படிப்பட்ட முள் கடிவாளத்தைத் தடை செய்கின்றன. பாவம் குதிரை என்பதோடு இது நிற்பதில்லை. தடுமாறும் குழந்தை முதலில் பிடித்துத் தொங்குவது வாரைத்தான். வாயில் முள் குத்தினால் குதிரை தலையை உதறும், முன்னங்காலைத் தூக்கும். குதிரைக்கு இதமானதுதான் குழந்தைக்கும் பத்திரம்.

எல்லாவற்றுக்கும் கடைசியாக வந்தது தலைக்கவசம். வெகுகாலம் வெல்வெட் தொப்பிதான், அழகுக்கு. பிரிட்டனில் 14 வயதுக்குட்பட்டவர்கள் சாலையில் குதிரை ஓட்டத் தலைக்கவசம் கட்டாயம் என்று சட்டம் வந்தது 1990-ல்தான். பெரியவர்கள் இன்னும் மெதுவு. டிரெஸ்ஸாஜ் என்ற நடைப் போட்டியில் உயரத் தொப்பி போட்டுக்கொண்டிருந்தவர்களுக்குச் சர்வதேசப் போட்டிகளில் ஹெல்மெட் கட்டாயமானது 2021-ல்.

இதில் ஒரு வேடிக்கை. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து சேணம் செய்யும் ஊர் கான்பூர். புவிசார் குறியீடு கூட வாங்கியிருக்கிறது. அங்கிருந்து நல்ல சேணமெல்லாம் கப்பலேறுகிறது. நம் பிள்ளை ஏறுகிற மட்டக்குதிரையின் மேல் பழைய கம்பளியும் பெரியவர்கள் அளவு அங்கவடியும்!

குதிரைக்காரரிடம் சண்டை போட வேண்டாம், அது அவர் பிழைப்பு. வாடகை பேசும்போதே நாலு விஷயம் பார்த்துக்கொள்ளலாம். குதிரையின் வாயோரம் புண் இருந்தால் அந்தக் குதிரை வேண்டாம். அங்கவடி எட்டவில்லை என்று வாருக்குள் பிள்ளையின் காலைச் செருகினால் எடுத்துவிடுங்கள், தொங்கட்டும். செருப்பு வேண்டாம், சின்னக் குதிகால் வைத்த ஷூ போதும், பாதம் உள்ளே நழுவாது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது, பிள்ளையைச் சேணத்தோடு கட்டவே கூடாது. சவாரி ஹெல்மெட் கேளுங்கள். அங்கே இல்லையென்றால், தலைக்குச் சரியாகப் பொருந்தும் சைக்கிள் ஹெல்மெட் வெறுந்தலையைவிட மேல். பெட்டியில் ஸ்வெட்டரோடு அதையும் வைத்துவிடுங்கள்.